எது போதும்? சிங்கப்பூர்த் தமிழ்த் தாதியருக்கு ஒரு திறந்த மடல்



ஆகஸ்டு 1 வந்தால் உங்களுக்கு வாழ்த்துச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கேக் வெட்டுவார்கள், மேடையேறி 'தியாகம்', 'சேவை', 'தாயுள்ளம்' என்பார்கள். மறுநாள் விடிந்தால் அதே வார்டு, அதே மருந்து வண்டி, எத்தனை ஓடினாலும் முடியாத அதே வேலைப் பட்டியல். புது ரோஸ்டர் கைப்பேசிக்கு வந்ததும் தீபாவளியன்று 'நைட்' விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறீர்கள். விழுந்திருந்தால் ஒரு பெருமூச்சு, 'போதும்டா சாமி' என்று ஒரு முணுமுணுப்பு, பிறகு கிளம்பிவிடுகிறீர்கள். அந்தப் 'போதும்' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்த மடல். அதை விழுங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எழுதவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நாளைக்கே ராஜினாமா செய்யுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். பல ஆண்டுகளாகப் போதும் போதும் என்கிறீர்களே, எது போதும் என்று ஒருமுறையாவது சொன்னீர்களா? இதுதான் உங்கள்மேல் எனக்குள்ள குறை.

சொல்லவிடாமல் உங்களைத் தடுப்பது 'சேவை' என்ற சொல்தான் என்று நினைக்கிறேன். தாதியர் தினத்துக்கு ஆகஸ்டு 1 எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். 1885இல் அந்த நாளில்தான் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் சிப்பாய் லைன்ஸ் பகுதியிலிருந்த பொது மருத்துவமனைக்குத் தாதியராக வந்தார்கள். அவர்களுக்கு அது நோன்பு. வீட்டு வாடகையோ, பிள்ளையின் துணைப்பாட வகுப்போ, ஊரில் கட்டி முடிக்காத வீடோ அவர்களுக்கு இல்லை. அந்தத் தேதியை எடுத்துக்கொண்ட நாம் அந்த நோன்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டுவிட்டோம். நோன்பு எடுத்தவர் இடம் மாற்றிக் கேட்டால் பக்தியில் குறை என்றல்லவா அர்த்தம்? அதனால் கேட்கக் கூச்சம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தக் கன்னியாஸ்திரிகளே பள்ளிக்கூடம் நடத்திய சபையிலிருந்து வந்தவர்கள். தேவை எங்கே இருந்ததோ அங்கே வேலையை மாற்றிக்கொண்டு போனார்கள். தாதியர் தினமே ஓர் இடமாற்றத்தின் நினைவு நாள் என்று நான் சொன்னால் சண்டைக்கு வராதீர்கள்.

சோர்வு என்பதை ஆளின் பலவீனமாகப் பார்க்காமல், ஆளுக்கும் வேலைக்கும் இடையில் விழுந்த பொருத்தக்குறைவாகப் பார்க்கலாம் என்று கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் என்ற இரு உளவியலாளர்கள் 1997இல் ஒரு நூல் எழுதினார்கள். பொருத்தம் ஆறு இடங்களில் கெடலாம் என்றார்கள்: வேலைச்சுமை, நம் கையிலுள்ள அதிகாரம், கிடைக்கும் பலன், உடன் இருப்பவர்கள், நியாயம், மனம் மதிப்பவை. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்களுக்கு இந்த ஆறு புரியாமல் போகாது. உங்கள் 'போதும்' இந்த ஆறில் எதிலிருந்து வருகிறது? ஒரே வார்டில் ஒரே ஷிப்டில் நிற்கும் மூன்று பேருக்கு மூன்று விடை இருக்கும். ஒருவருக்கு இரவுப் பணி உடம்புக்கு ஒத்துவரவில்லை. நோயாளி, மருந்து, டாக்டர் எதிலும் அவருக்குக் குறையில்லை. இன்னொருவர் தமிழ்நாட்டில் நான்கு வருடம் பி.எஸ்சி நர்சிங் படித்துவிட்டு இங்கே என்ரோல்டு நர்ஸாகப் பதிவாகி, ஊரில் தானே முடிவெடுத்துச் செய்த வேலைக்கு இங்கே ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறார். அவரைக் குடைவது நியாயமும் அதிகாரமும். மூன்றாமவருக்குச் சுமை பழகிப்போயிற்று. பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் அமைதியாகிவிடுவார் என்று தெரிந்த பாட்டியை, அழைப்பு மணி மூன்று கட்டிலில் ஒன்றாக அடிப்பதால் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறதே, அதுதான் அவரை அரிக்கிறது. செய்ய வேண்டியது தெரிந்தும் அமைப்பு செய்யவிடாதபோது வரும் இந்த வேதனையை அறநெறியாளர் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் 1984இலேயே தனி வகையாகப் பிரித்துச் சொன்னார். இந்த மூவரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள்: போதும். வயிற்றுவலி என்று வரும் மூன்று பேருக்கு ஒரே மாத்திரையைக் கொடுத்து அனுப்பும் மருத்துவரை நீங்கள் என்ன சொல்வீர்கள்? உங்கள் விஷயத்தில் அதைத்தான் நீங்களே செய்துகொள்கிறீர்கள்.

அரசாங்கமும் ஏறக்குறைய ஒரே மாத்திரையைத்தான் கொடுத்தது. கொரோனாப் பரவல் காலத்தில், 2021இல் வேலையை விட்ட வெளிநாட்டுத் தாதியர் 14.8 விழுக்காடு, உள்ளூர்த் தாதியர் 7.4 விழுக்காடு. மணி அடித்துவிட்டது. அடிப்படைச் சம்பளம் உயர்ந்தது. 2022இல் பொதுத்துறைத் தாதியருக்கு 1.7 முதல் 2.1 மாதச் சம்பளம் வரை சிறப்புத் தொகை அறிவிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் 'ஏஞ்சல்' திட்டம் வந்தது. இருபது ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை, நான்கு முதல் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 20,000 முதல் 30,000 வெள்ளி என்று. இதை ஏளனம் செய்ய மாட்டேன். சம்பள நாளில் சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடைக்கு வெளியே நிற்கும் வரிசையைப் பார்த்தவர் யாரும் பணம் முக்கியமில்லை என்று பேசத் துணிய மாட்டார். ஆனால் ஆறு பொருத்தங்களில் பணம் சரிசெய்வது ஒன்றை. பொதுச் சுகாதாரத்துறை ஊழியர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்றில் பத்தில் மூவர், வாரம் ஒருமுறையாவது திட்டு வாங்குகிறோம் அல்லது திட்டு விழுவதைப் பார்க்கிறோம், தொல்லைக்கு ஆளாகிறோம் என்றார்கள். 2023இல் முத்தரப்புக் குழு ஒன்று அதை வெளியிட்டது. நாலு வருடத்துக்கு ஒருமுறை வரும் தொகை, இன்று மாலை உறவினர் ஒருவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்தியதற்கு மருந்தாகுமா? ஆகலாம், சிலருக்கு. ஆகாதவர்கள் தங்களை நன்றிகெட்டவர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

'அப்படியே தெரிந்தாலும் போவதற்கு வேறு எங்கே இடம்? நர்ஸ் என்றால் வார்டுதானே' என்பீர்கள். தேக்கா நிலையத்திலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. கேகே மருத்துவமனையின் பெயரில் உள்ள 'கண்டாங் கெர்பாவ்' என்பதற்கு எருமைக் கொட்டில் என்று பொருள். நம்மவர்கள் மாடு வளர்த்து விற்ற காலத்து வட்டாரப் பெயர் அது. 1966இல் அந்த ஒரு மருத்துவமனையில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே இடத்தில் இத்தனை பிரசவம் என்று கின்னஸ் ஏட்டில் ஏறியது. நாளுக்கு 109 குழந்தை என்று கணக்கு வருகிறது. 2023இல் சிங்கப்பூர் முழுவதிலும் சேர்த்துப் பிறந்தவை சுமார் 33,500தான். அன்றைய மருத்துவச்சிகளிடம் போய், 'உங்கள் பேத்தி காலத்தில் தாதியர் பெரும்பாலும் கிழவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நாடு முழுவதும் சேர்ந்தாலும் உங்கள் ஒரு மருத்துவமனை அளவுக்குப் பிரசவம் நடக்காது' என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அறுபது ஆண்டுக்குள் இந்த வேலை தொட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு நகர்ந்துவிட்டது. குடிமக்களில் ஐந்தில் ஒருவருக்கு 65 வயது தாண்டிவிட்டது. வேலையே நகரும்போது வேலை செய்பவர் மட்டும் ஒரே இடத்தில் நின்றால்தான் விசுவாசம் என்பது என்ன கணக்கு?

நகர்ந்த இடங்களைப் பாருங்கள். மருத்துவமனைக் கட்டிலில் கிடக்க வேண்டியவரை அவர் வீட்டிலேயே வைத்து, தாதி போய்ப் பார்த்தும் காணொளியில் பேசியும் கவனிக்கும் திட்டம் 2024 ஏப்ரலிலிருந்து சோதனை நிலை தாண்டி நடைமுறைக்கு வந்துவிட்டது. ஐந்து நிமிடம் பாட்டி பக்கத்தில் உட்கார முடியவில்லையே என்று வருந்தினாரே, அவருக்கு வீவக வீட்டின் வரவேற்பறையில் ஒரே ஒரு நோயாளியோடு முக்கால் மணி நேரம் கிடைக்கக்கூடிய வேலை இது. வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் தாதிமை இங்கே புதிதும் இல்லை. ஹோம் நர்சிங் ஃபவுண்டேஷன் 1976இலேயே தொடங்கியது. அதிகாரம் போதவில்லை என்பவருக்கு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2003இல் தொடங்கிய முதுநிலைப் படிப்பின் வழியே உயர்நிலைத் தாதியாக முடியும். கூடுதல் பயிற்சி முடித்த உயர்நிலைத் தாதியர், மருத்துவரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மருந்தும் எழுதுகிறார்கள். இரவுப் பணி ஆகாதவருக்குப் பலதுறை மருந்தகம், சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையம், நாள்நேர அறுவைப் பிரிவு. கணினியில் கை ஓடுகிறவருக்கு மருத்துவமனைத் தகவல் பிரிவு, கண்ணுக்குத் தெரியாத கிருமியைத் துரத்துவதில் ருசி உள்ளவருக்குத் தொற்றுத் தடுப்புப் பிரிவு. எல்லாமே தாதியர் வேலைதான். வெள்ளைச் சீருடை இல்லாவிட்டால் நர்ஸ் இல்லை என்று ஊரில் அத்தை சொல்வார். அவருக்கு நீங்கள் நின்றுகொண்டே சாப்பிடுவது தெரியாது.

இன்னொன்று, உங்களுக்கு மட்டுமே உரியது. வார்டில் தமிழ் மட்டும் பேசும் தாத்தா ஒருவர் அனுமதியானால் என்ன நடக்கிறது? 'மிஸ்ஸி, மிஸ்ஸி' என்று அவர் கூப்பிட, அடுத்த பிரிவிலிருந்து உங்களைக் கூட்டி வருகிறார்கள். உங்கள் நோயாளிகளை அரைகுறையாக விட்டுவிட்டு வந்து, இன்சுலின் ஏன் வேண்டும், சோற்றை எவ்வளவு குறைக்க வேண்டும், 'நாட்டு மருந்து சாப்பிடுறேன்மா, அது போதாதா' என்பதற்கு என்ன பதில் என்று பேசிவிட்டுத் திரும்பி ஓடுகிறீர்கள். ரோஸ்டரில் அந்த இருபது நிமிடத்துக்குக் கட்டம் கிடையாது. 2020இல் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா புகுந்து, ஆண்டு முடிவதற்குள் அங்கிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரைத் தொட்டபோது, தமிழும் வங்காளமும் பேசத் தெரிந்தவர்களை எல்லா இடத்திலும் தேடினார்கள். மொழி மருந்து என்பது அன்று நிரூபணமாயிற்று. பிறகு மறந்தும் போயிற்று. சீனரைவிட இந்தியரிடையே நீரிழிவு அதிகம் என்பதைச் சுகாதார அமைச்சின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தார்கள். தோசைக்கும் பரோட்டாவுக்கும் உள்ள மாவுச்சத்து வித்தியாசத்தை நோயாளியின் மொழியில், அவர் சமையலறைக்குள்ளேயே போய் நின்று பேசக்கூடிய நீரிழிவுக் கல்வித் தாதி இந்தப் போரில் படைவீரர் இல்லையா? நீங்கள் ஓசியாகச் செய்துகொண்டிருக்கும் வேலை, பயிற்சியும் பதவியும் உள்ள வேலையாக வேறொரு மேசையில் இருக்கிறது. அந்த மேசையைக் கேட்க உங்களுக்குத் தகுதி உண்டு.

இனி உங்கள் மறுப்புகள். 'பத்து வருட அனுபவத்தை விட்டுவிட்டுப் புதுப் பிரிவில் அ, ஆ படிக்கவா' என்பது முதலாவது. நேர்மையான கேள்வி. தாதியர் கற்கும் விதத்தை ஆராய்ந்த பட்ரீஷியா பென்னர் 1984இல் எழுதியதும் இதைத்தான்: ஒரு துறையில் கைதேர்ந்தவர் பழக்கமில்லாத துறைக்குப் போனால் தொடக்க நிலைக்கு இறங்குவார். சில மாதங்களுக்கு உங்களைவிட வயதில் சின்னவர் உங்களைத் திருத்துவார், சுருக்கென்று தைக்கும். அது போகும் வழியில் கட்ட வேண்டிய சுங்கம். ஆனால் இருக்கிற இடத்திலேயே இருப்பது இலவசம் என்று மட்டும் எண்ணாதீர்கள். மனம் விட்டுப்போன வேலையில் கை தானாக ஓடும், கண் ஓடாது. மருந்துப் பிழை நடக்கக்கூடிய நேரம் அது.

இரண்டாவது மறுப்பு கனமானது: 'எல்லாரும் நாள்நேர வேலை கேட்டுப் போய்விட்டால் இரவில் வார்டில் யார்?' உங்கள் நல்ல மனதிலிருந்து வரும் கேள்வி இது, அதனாலேயே உங்களைக் கட்டிப்போடவும் பயன்படுகிறது. அமெரிக்காவில் கடும் தாதியர் பற்றாக்குறை இருந்த காலத்தில், ஆள் நிற்காத மருத்துவமனைகளுக்கு நடுவே சிலவற்றில் மட்டும் ஆள் எப்படி நிற்கிறது என்று பார்த்தார்கள். 163 மருத்துவமனைகளை ஆராய்ந்து 41ஐக் காந்தம் என்று பொறுக்கி 1983இல் அறிக்கை வந்தது. தாதியர் சொல்லுக்கு முடிவுகளில் இடம், வளைந்து கொடுக்கும் பணி நேரம், முன்னேற வழி ஆகியவை அங்கே இருந்தன. யாரையும் கட்டிப்போடவில்லை, அதனால் நின்றார்கள். 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட அறுவை நோயாளிகளை வைத்து லிண்டா ஏய்க்கன் குழு கண்டது இன்னும் கூர்மையானது: ஒரு தாதியின் கையில் ஒரு நோயாளி கூடினால், நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது. அப்படியானால் வார்டில் ஆள் எண்ணிக்கை என்பது நிர்வாகம் தீர்க்க வேண்டிய உயிர்ப் பிரச்சினை. அதை ஒரு தனித் தாதியின் மனச்சாட்சியில் தொங்கவிட்டுத் தீர்க்க முடியாது. மேலும், இடமாற்றம் கிடைக்காதவர் வார்டிலேயே இருந்துவிடுவார் என்பதும் பொய். அவர் ஆஸ்திரேலியாவுக்கோ பிரிட்டனுக்கோ விமானம் ஏறுகிறார். இடம் மாறியவர் இந்த ஊரிலாவது இருப்பார்.

மூன்றாவது, 'எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியாது. பாஸ் முதலாளி கையில், பாண்டு இன்னும் முடியவில்லை' என்பது. இதற்கு முன்னால் என் வாதம் தணிந்துதான் போக வேண்டும். வேலை அனுமதி ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டிருக்கும்போது சுதந்திரமாக முடிவெடுங்கள் என்று உபதேசம் செய்வது எளிது, வாழ்வது உங்களுக்கு. ஆகவே ஒரே நிறுவனத்துக்குள் பிரிவு மாறுவதையும், வேறு நிறுவனத்துக்கு மாறுவதையும் இரண்டு தனிக் கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்கச் சொல்வது பெரும்பாலும் முதலாவதை. இரண்டாவதைத் தொடும் முன் பாண்டு பத்திரத்தை, பாஸ் விதியை, ஏஞ்சல் தொகைக்குச் சேவை ஆண்டு எப்படிக் கணக்காகும் என்பதை மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காப்பிக்கடையில் தோழி சொன்னதை நம்பி லட்சம் வெள்ளி விஷயத்தில் இறங்காதீர்கள்.

ஆறு பொருத்தமும் பார்த்துவிட்டு, உடம்பைத் தொட்டுச் செய்யும் இந்தத் தொழிலே எனக்கானதில்லை என்று தெளிவாகிறவர்களும் உங்களில் இருப்பார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்த எனக்கு எந்த வாதமும் இல்லை, ஆசையும் இல்லை. நாற்பது வயதை எட்டிய குடிமக்களுக்கு 2024 மே முதல் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை கூடுதலாகக் கிடைக்கிறது. வேறு துறை படிக்க அது ஒரு கைப்பிடி. போகிறவர் போகட்டும், வெட்கமில்லாமல் போகட்டும். எது போதவில்லை என்று தெரியாமலே போய், இன்னொரு வேலையிலும் அதே கல்லில் கால் இடறுகிறவரைப் பற்றித்தான் என் கவலை.

ஆகவே நான் கேட்பது இது. அடுத்த இரண்டு ரோஸ்டர் காலத்துக்கு, ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் எம்ஆர்டியில் உட்கார இடம் கிடைத்ததும் கைப்பேசியில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இன்று எந்த நேரத்தில் 'போதும்' என்று தோன்றியது, அப்போது கையில் என்ன வேலை இருந்தது. இன்று எந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்க மறந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளில் எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு, இந்த ஆண்டு பணி மதிப்பீட்டின்போது 'ஏதாவது சொல்ல வேண்டுமா' என்று கேட்டால், வழக்கம்போல் 'ஒன்றுமில்லை சிஸ்டர்' என்று சொல்லாதீர்கள். இந்தப் பிரிவில் இரண்டு வாரம் இணைந்து பார்க்க வேண்டும், காரணம் இது என்று பேர் சொல்லிக் கேளுங்கள். கேட்டதை அன்றே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பணி நேரத்தை மாற்றிக் கேட்பதற்கும் 2024 டிசம்பர் 1 முதல் முத்தரப்பு வழிகாட்டி இருக்கிறது. எழுத்தில் கேட்டால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும்.

நர்ஸ் கிளினிஷியனாகவும் நர்ஸ் மேனேஜராகவும் உயர்ந்துவிட்ட அக்காமார்களே, அண்ணன்மார்களே, நீங்களும் இந்த மடலின் 'நீங்கள்'தான். இடமாற்றம் கேட்டு ஒரு தங்கை உங்கள் அறைக்கு வந்து நிற்கும்போது, 'நாங்கள் எல்லாம் பொறுத்துக்கொள்ளவில்லையா' என்ற அந்த வாக்கியம் உங்கள் நாக்கு நுனியில் இருக்கும். உங்களிடம் உங்கள் மேலதிகாரி அதைச் சொன்ன நாளை நினைத்துக்கொண்டு, அதைச் சொல்லாமல் விடுங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு, 'எது போதும் என்கிறாய்?' என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை தொலைபேசியை எடுக்காதீர்கள்.